பன்னிரண்டும் தப்பு

"கோடு எப்படித் தெரியுது ஐயா? நிக்குதா, படுத்திருக்கா, சாய்ஞ்சிருக்கா?"

"படுத்திருக்கும்மா."

கோடு நின்றுகொண்டிருந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கண்புரை எடுத்து வைத்த லென்ஸுக்குப் பின்னால் மறுபடி படலம் படர்ந்து, பெரியவருக்குப் பார்வை மங்கியிருந்தது. லேசர் வைத்தால் ஐந்து நிமிஷ வேலை. அதற்கு முன்னால் விழித்திரை உருப்படியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. மெஷினிலிருந்து ஒளிக்கோடுகள் படலத்தின் இண்டு இடுக்கு வழியாக உள்ளே போய் விழும். விழித்திரை நன்றாக இருந்தால், மற்றதெல்லாம் மங்கலாகத் தெரிபவருக்கும் இந்தக் கோடு தெரியும்; அது எந்த வாக்கில் இருக்கிறது என்று சொன்னால் போதும்.

பன்னிரண்டு தடவை மாற்றி மாற்றிக் காட்டினேன். பன்னிரண்டும் தப்பு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினாறு வருஷமாக இந்த நாற்காலியைத் தேய்க்கிறேன், என் காதிலேயே பூ சுற்றுகிறாரே!

"ஐயா, நிஜமாவே தெரியாதவங்க குத்துமதிப்பா சொன்னாலும் ரெண்டு மூணு சரியா வந்துடும். ஒண்ணு விடாம தப்பா சொல்லணும்னா, எல்லாத்தையும் நல்லாப் பார்த்தாத்தான் முடியும்."

பெரியவர் மெஷினில் வைத்த முகவாயை எடுக்கவே இல்லை.

"வெளியில உங்க பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழட்டி விடுது. அது சுகமா இருக்காக்கும்? நானும் தனிக்கட்டைதான். அதுக்காக யாரையும் இப்படிக் கட்டிப்போட மாட்டேன்."

"மெதுவாப் பேசும்மா. அவ காதுல விழுந்துடும்."

"விழட்டுமே!"

"மாப்பிள்ளை தவறினதிலேருந்து பதினோரு மாசம் அவ ரூமை விட்டு வெளியே வரலம்மா. சாப்பாட்டைக் கதவுகிட்ட வச்சுட்டு வருவேன். வீட்டுல ரெண்டே பேர், ஒரு பேச்சு கிடையாது. கண்ணு மங்கி ஒருநாள் நான் வாசப்படி தடுக்கி விழுந்தேன். அன்னிக்குத்தான் கதவைத் திறந்துட்டு ஓடி வந்தா. இப்ப தினமும் என்னை நடக்கக் கூட்டிட்டுப் போறா. நாலு பேர்கிட்ட பேசறா. எனக்குக் கண்ணு தெரிஞ்சுட்டா திரும்பவும் கதவைச் சாத்திப்பாளோன்னு பயமா இருக்கும்மா."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"தள்ளிப் போட்டா கண்ணுக்குக் கெடுதல் இல்ல. ஆனா அதுவரைக்கும் எல்லாமே மங்கல்தான் ஐயா."

"இருந்துட்டுப் போகுது."

'மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை' என்று எழுதி மணி அடித்தேன். மகள் உள்ளே வந்தாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"இன்னும் மூணு மாசம் உன் தயவுதான்னு எழுதிட்டாங்க."

"அப்ப ஒழுங்கா என் பேச்சைக் கேளுங்க!" களுக்கென்று சிரித்துவிட்டாள். "இருங்க, செருப்பை எடுத்துட்டு வரேன்."

அவள் வெளியே போனதும் பெரியவர் அவசரமாக என் பக்கம் குனிந்தார்.

"இப்பச் சிரிச்சாளே, முகம் எப்படிம்மா இருந்துச்சு?"