எதிர்ச்சாரியில் நின்ற ஆள்

"ஏங்க, அந்தாளு இன்னைக்கும் வந்து நிக்கிறான்."

கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி செபஸ்தியம்மாள் கிசுகிசுத்தாள். எதிர்ச்சாரியில், பூட்டுப் பட்டறைச் சுவரை ஒட்டி அவன் நின்றான். தலையோடு முக்காடாகப் போர்த்திய துண்டு. இவள் பார்ப்பது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தெருவுன்னா நாலு பேரு நிக்கத்தான் செய்வாங்க. நீ சோத்தைப் போடு" என்றார் ராயப்பராஜ். ஆனால் அவர் குரலில் சுரத்தில்லை.

அவர் சின்னக் கண்டிராக்டர். யூனியன் ஆபீஸில் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு டெண்டர் விட்டபோது, தன்னுடைய ரேட்டுதான் கம்மியாக இருக்கும் என்று நம்பியிருந்தார். சேர்மனின் மச்சான் அதைவிடப் பத்தே பத்து ரூபாய் குறைத்துப் போட்டு வேலையைத் தட்டிக்கொண்டு போனான். சீல் வைத்த தன் உறையை முன்கூட்டியே பிரித்துப் பார்க்காமல் இது நடந்திருக்காது என்று சப்-கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டார் ராயப்பராஜ். செவ்வாய்க்கிழமை விசாரணை.

மனுக் கொடுத்த மறுநாள், சேர்மனின் ஆள் ஒருவன் சந்தையில் அவர் தோளில் கை போட்டு, "புள்ளகுட்டிக்காரரு, பாத்து நடந்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கடுத்த நாள்தான் இந்த முக்காட்டுக்காரன் தெருவில் முளைத்தான்.

"உங்களுக்குச் சாட்சி சொல்ல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரு வருவா? சேர்மனப் பகைச்சுக்கிட்டு இந்த ஊர்ல யாரு பொழைக்கிறது?"

"அப்ப நமக்கு மட்டும் எதுக்குங்க?"

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் திரும்பும்போது அவன் பின்னாலேயே வந்தான். இவள் நடையை எட்டிப் போட்டால் அவனும் எட்டிப் போட்டான். இவள் நின்றால் அவனும் நின்றான். வீட்டுக்குள் ஓடி நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள்.

சாயங்காலம் தெருவில் விளையாடிவிட்டு வந்த மகள் லூர்து சொன்னாள்.

"அம்மா, துண்டு போர்த்துன ஆளு, அப்பா எப்ப வருவாருன்னு கேட்டுச்சு. தனியாத்தான் வருவாரா, கூட யாரும் வருவாங்களான்னு கேட்டுச்சு."

ராயப்பராஜ் வந்ததும் வராததுமாக செபஸ்தியம்மாள் மகளை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இவகிட்டயே கேளுங்க."

கேட்டார். கேட்டுவிட்டு வெகுநேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலையில் வெளியே போனவர், மத்தியானம் திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் உட்கார்ந்தார்.

"மனுவ வாபஸ் வாங்கிட்டேன். சந்தேகத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே இதப் பத்தி நான் வாயத் தொறக்க முடியாது. போதுமா?"

அவளுக்கு நிம்மதியும் வந்தது, அழுகையும் வந்தது. தண்ணீர் மொண்டு கொடுக்கத் திரும்பியவள் ஜன்னல் வழியே பார்த்தாள். முக்காட்டுக்காரன் தெருவைக் கடந்து நேராக இவர்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

"அதான் வாபஸ் வாங்கியாச்சே, இன்னும் எதுக்கு வாரான்?"

லூர்துவை அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ராயப்பராஜ் எழுந்து போய் வாசலை மறித்து நின்றார்.

வந்தவன் துண்டை எடுத்தான். யூனியன் ஆபீஸ் வாட்ச்மேன் முத்துச்சாமி.

"மன்னிச்சுக்கங்க அய்யா. உங்களப் பாக்க வரதும், யாரு கண்ணுலயாச்சும் பட்டுருவமோன்னு பயந்து திரும்பிப் போறதுமா இருந்தேன். அம்மாகிட்ட சொல்லலாம்னு கோயில்லருந்து பின்னாலயே வந்தும் வாய் வரல. பிரிச்ச உங்க உறைக்குத் திரும்ப முத்திரை வைக்க, சேர்மனுக்கு அரக்கு உருக்கிக் குடுத்தது நாந்தேன். நீங்க ஒத்தையில துணிஞ்சு நிக்கிறதப் பாத்துத்தான் எனக்கும் தைரியம் வந்துச்சு. நாளைக்கு உங்க கூட வந்து சாட்சி சொல்லப் போறேன்னு, இப்பத்தான் சேர்மன் மூஞ்சிக்கு நேராவே சொல்லி, ஆபீஸ் சாவியக் குடுத்துட்டு வாரேன்."