அடியில் கொஞ்சம்

"அடியில கொஞ்சூண்டுதாம்மா இருக்கு. கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுது சார். உள்ள எவ்வளவு இருக்குங்கறது கணக்கில்ல. பாட்டில் எவ்வளவு பெருசுங்கறதுதான் கணக்கு. இந்த சைஸ் பாட்டிலைக் கையில கொண்டுபோக விடமாட்டாங்க."

விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை மேஜை. ஷூவைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற டிரைவிங் ஸ்கூல்காரருக்கு ரத்தம் தலைக்கேறியது. காலமெல்லாம் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர். கோபம் வந்தால் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். இப்போது வெறும் சாக்ஸோடு தரையை மிதித்துக்கொண்டிருந்தது.

"பெரிய பெட்டியில போட்டு கவுண்டர்லயே குடுத்திருந்தா பிரச்சினை இல்ல சார்."

"பெட்டி தொலைஞ்சா? நீ வந்து தேடிக் குடுப்பியா?"

அந்தப் பயத்தில்தான் பெட்டியை நம்பாமல் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"சரி, இப்ப திரும்பிப் போய்க் குடுத்துட்டு வரேன்."

"கவுண்டர் மூடியிருப்பாங்க. உங்க ஃப்ளைட்டுக்குக் கடைசி அழைப்பே குடுத்துட்டாங்க சார்."

பின்னால் நின்றவன் பொறுமையிழந்தான். "பெரியவரே, ஒரு செண்ட்டுக்கா இந்தப் பாடு? உள்ள கடையில அடுக்கி வெச்சிருக்கான், வாங்கிக்குங்க."

"இது கடையில கிடைக்காது தம்பி!" என்று சீறியவர், சோதனை போடும் அந்தப் பெண்ணிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுக்காரியோடதும்மா. போய்ச் சேர்ந்துட்டா. பொண்ணுக்கு நிறைமாசம், கடைசியா அம்மா முகத்தைப் பார்க்கக்கூட வர முடியல. 'அம்மா போட்டுக்கற செண்ட் மிச்சம் இருந்தா கொண்டாங்கப்பா, எனக்கு அந்த வாசனை வேணும்'னு அழுதா. வேற எதுவுமே கேக்கல."

அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

"உங்க பையை இன்னொரு தடவை செக் பண்ணணும். நில்லுங்க சார்."

பையையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனாள்.

மனசைத் திறந்து சொன்னதற்கு இன்னொரு செக்கிங்கா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து 'புஸ்... புஸ்... புஸ்' என்று சத்தம் வந்தது.

திரும்பி வந்தவள் கையில் பை மட்டும் இருந்தது. பையை மேஜையில் வைத்தபோது அவள் கையிலிருந்து, சட்டையிலிருந்து குப்பென்று அடித்தது வாசனை. அவர் மனைவியின் வாசனை.

டிரைவிங் ஸ்கூல்காரர் சாமியாடிவிட்டார்.

"செத்தவ பொருளைப் புடுங்கி நீ அடிச்சுக்கிட்டு வர்றியா? வெக்கமா இல்ல? கூப்பிடு உன் மேலதிகாரியை!"

மேலதிகாரி அம்மாள் வந்தார். மோப்பம் பிடிக்கவே தேவையிருக்கவில்லை.

"பயணிகிட்ட எடுத்த பொருளை நீ தொறந்தியா?"

"தொறந்தேன் மேடம்."

"பாட்டில் எங்கே?"

"குப்பைத் தொட்டியில. காலி."

"எதுக்குத் தொறந்தே?"

அவள் டிரைவிங் ஸ்கூல்காரரை ஒரு தடவை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான் மேடம்."

"எழுதிக் குடுங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றார் மேலதிகாரி. டிரைவிங் ஸ்கூல்காரர் புகார் எழுதிக் கொடுத்தார். அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அவள் சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

"சார், சீக்கிரம் போங்க. ஃப்ளைட் போயிடும்" என்றாள் அவள்.

"உன் அக்கறை ஒண்ணும் எனக்கு வேணாம்!"

அவர் ஏறியதும் விமானக் கதவை மூடினார்கள்.

மகள் வீட்டு வாசலில், வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"கொண்டுவந்தீங்களாப்பா?"

"புடுங்கிட்டாங்கம்மா. ஆனா நான் சும்மா விடல. அவ வேலைக்கே உலை வெச்சுட்டுத்தான் வந்தேன்."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மகளின் முகம் விழுந்தது. சமாளித்துக்கொண்டு சிரித்தாள்.

"பரவால்லப்பா. நீங்க வந்தீங்களே, அது போதும்."

அவருடைய துணிகளை எடுத்துவைக்கக் கைப்பையைத் திறந்தாள்.

"அட, அம்மா ஸ்வெட்டர்! இதை எதுக்குப்பா கவர்ல போட்டு இப்படி இறுக்கிக் கட்டியிருக்கீங்க?"

"நான் எங்க கட்டினேன்? சும்மா மடிச்சுதானே வெச்சேன். உனக்குக் குளிருமேன்னு..."

சோதனை மேஜையில் அடுக்கி வைத்திருப்பார்களே, உள்ளே இருப்பது வெளியே தெரியும் கவர், அது. முடிச்சு விரலுக்கு மசியவில்லை. மகள் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அந்த அறைக்குள் அவர் மனைவி வந்து நின்றாள்.

கழுத்துப் பட்டையில், இரண்டு கையிலும், நெஞ்சுப் பக்கத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்ட மகளின் தோள்கள் குலுங்கின. "அம்மா... அம்மா..."

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. எதை நிறுத்த முடியும் இனி? அந்தச் சோதனைப் பெண் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையைப் பிரித்திருப்பார்கள், ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள், விமானமும் போயிருக்கும். அதனால்தான் குனிந்த தலை நிமிரவில்லை.

மகள் நனைந்த கண்களோடு நிமிர்ந்தாள்.

"அப்பா, அந்தப் பொண்ணு பேரு என்ன? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். புகாரில் பிழை வந்துவிடக்கூடாது என்று, அவளையே எழுத்து எழுத்தாகச் சொல்லச்சொல்லி எழுதியிருந்தார்.