ஈரலுக்குத் துணை நின்னவ

நான் ஒண்ணுமே செய்யலையா? நல்லாச் சொன்ன போ, சொர்ணம்! மருமக ஈரலை அறுத்துக் குடுத்தா, நீங்க என்ன குடுத்தீக மதினின்னா கேக்க? முப்பது வருசமாப் பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு, நீயே இப்படிப் பேசலாமாடி?

உக்காரு. நான் செஞ்சதைக் கேட்டுட்டுப் பேசு.

எம் மகன் ராஜசிங்குக்கு ஆபரேசன் ஆகி ஏழு மாசமாச்சுன்னு போன ஞாயிறு கோயில்ல ஸ்தோத்திரக் காணிக்கை படைச்சோம். பாஸ்டர் ஐயா என்ன வாசிச்சாரு தெரியுமா? "தன் ஈரலில் பாதியைக் கணவருக்குத் தந்த சகோதரி ஆஷ்லினுக்காக..." அம்புட்டுதான். சபையே கையைத் தட்டுது. பொம்பளைக சங்கத்துல பொன்னாடை வேற. பச்சைக் கலரு. பாவி மகளுக்கு எடுப்பா வேற இருந்து தொலைச்சுச்சு.

எம் பேரு? மூச்!

நானும் குடுக்கத்தான் கேட்டேன். "அறுபத்தெட்டு வயசாச்சு, வேண்டாம்மா"ன்னுட்டாரு மதுரை டாக்டர். வயசாம் வயசு! எங்க தாயில்பட்டி பெரியம்மா எழுபத்தஞ்சு வயசுல ஒத்தை ஆளாக் கட்டிலைத் தூக்கிக்கிட்டு மாடியேறுனா. அந்தக் கட்டிலை அவ சின்ன மருமக அமுக்குனது பெரிய கதை. அதை விடு.

சாயங்காலம் ஆஷ்லினோட தங்கச்சி ஷைலா வந்தா. ஆபரேசன் நடந்த மதுரை ஆஸ்பத்திரியிலதான் நர்ஸா இருக்கா. "ஏம்மா, ஆளுக்குப் பாதி ஈரலை வச்சுக்கிட்டு எப்படி ரெண்டு பேரும் நடமாடுறாக?"ன்னு கேட்டேன்.

"ஈரல் திரும்ப வளந்துரும் அத்தை. ஆனா, ஈரல்ல வேலை பாக்குற செல்லு மட்டும் இருந்தாப் பத்தாது. சுத்தி உதவிக்குன்னு சில செல்லுக நிக்கும். எப்ப வளரணும், எப்ப நிறுத்தணும்னு அதுகதான் தாக்கல் சொல்லும். ஒண்ணு ரத்தத்தைச் சலிச்சு விடும். ஒண்ணு கிருமியைத் தின்னுரும். இன்னொண்ணு வைட்டமினைச் சேத்து வச்சுக்கிட்டு, சத்தமில்லாம ஒரு ஓரமாக் கிடக்கும்."

"அதுகளுக்கு யாராச்சும் பொன்னாடை போத்துறாகளா?"

சிரிச்சா.

"சிரிக்காத. நானும் அந்தக் கூட்டந்தாம்மா"ன்னு அடுக்க ஆரம்பிச்சேன்.

ராஜசிங் நாரணாபுரத்துல பட்டாசுக் கம்பெனி போர்மேன். குடிச்ச வாயோட மருந்து கலக்குற ரூமுப் பக்கம் போக முடியுமா? "மகனுக்குக் காய்ச்சல் சார்"னு விடியமுன்ன போன் போட்டது யாரு? தீவாளி சீசன்ல, ஆர்டர் குமிஞ்சு கிடக்கையில, அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்டது யாரு? பாஸ்டர் ஐயா வந்தா, "பித்தம் ஐயா, படுத்திருக்கான்"னு வாசல்லயே நின்னு ஜெபத்தை வாங்கிக்கிட்டு அனுப்புனது யாரு? மருமக ஆமத்தூர்ப் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்திட்டு வர்றதுக்குள்ள பாட்டிலைப் பொறுக்கி, வாந்தியைக் கழுவி, வீடு பூரா சாம்பிராணி போட்டது யாரு?

ஆறு வருசம்டி! ஈ காக்காவுக்குத் தெரியாமக் காபந்து பண்ணேன்.

"வர்ற ஞாயிறு எம் பேரையும் வாசிக்கணும். பாஸ்டர்கிட்டக் கேக்கத்தான் போறேன்"னேன்.

ஷைலா இப்பச் சிரிக்கலை.

"ஓரமாக் கிடக்கும்னு சொன்னேனே ஒரு செல்லு... ஈரல்ல அடிபட்டா அதுதான் அத்தை ஓடி வரும். வந்து தழும்பு போட்டுக் காயத்தை மூடும். நல்லதுக்குத்தான். ஆனா தினம் அடி விழுந்தா, தினம் மூடும். அடி ஏன் விழுதுன்னு அது கேக்காது. மூடி மூடியே ஈரல் பூராவும் தழும்பாகி இறுகிப்போயிரும். அத்தானுக்கு வந்தது அதுதான்."

இருந்தாலும் விட்டுக் குடுக்க மனசு வருதா?

"ஏன், உங்கக்காளுக்கு மட்டும் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சுதான, 'மறைக்காதீங்க அத்தை'ன்னு உங்ககிட்ட அழுதா?"

அழுதாதான். புருசனைச் சந்தியில நிறுத்தப் பாக்குறியான்னு நாந்தான் ஏசி விட்டேன்.

"ஆபரேசனுக்கு முன்னாடி, குடியை நிறுத்த வைக்கிற டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. 'வீட்டுல இவரு குடியை மறைச்சது யாரு? அவங்க கூட இருந்தா இவரு திரும்பக் குடிப்பாரு. அவங்க இருக்குற வீட்டுக்கு இவரை அனுப்பக் கூடாது'ன்னாங்க. 'நாந்தான் மேடம் மறைச்சேன், இனிமே மறைக்க மாட்டேன்'னு அக்கா சொன்னா. ஈரல் குடுக்கப் போறவளே சொல்லவும் அவங்களும் நம்பி ஒத்துக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அவ ஏன் அப்படிச் சொன்னா?"

"நானும் கேட்டேன். 'இருக்குறது ஒரே மகன். அவனை விட்டுட்டு இந்த வயசுல அத்தை எங்க போவாங்க?'ன்னா."

கேட்டியா சொர்ணம்? ஈரலைக் குடுத்தது ஊருக்கே தெரியும். இதை அவ இன்னைக்கு வரைக்கும் எங்கிட்டச் சொல்லலை.

பாஸ்டர்கிட்டயா? போகலை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?

அந்தா, குழாயில தண்ணி வந்துருச்சு. அறுத்த வயித்தோட குடத்தைத் தூக்கப் போறா பாரு. இவன் உள்ள செல்போனை நோண்டிக்கிட்டுக் கிடக்கான். 'பாவம், அசதியா இருக்கான், கிடக்கட்டும்'னு சொல்லத்தான் இந்த வாய் இப்பவும் வருது.

ஏலே ராஜசிங்! வெயிட்டுத் தூக்கலாம்னு டாக்டர் சொல்லி ஒரு மாசமாச்சுல்ல? எந்திரிச்சுப் போயி, அவ கையில இருக்க குடத்தை வாங்கி நீ உள்ள கொண்டாலே!