நத்தையின் ஐம்பது பாயிண்ட்

அன்று ஏரிக்கரையில் இருந்தவர்கள் மூன்று பேர்: எல்லோரையும் முதுகில் ஏற்றி அக்கரை சேர்க்கும் கொக்கு, அக்கரையில் புற்று விடுதி நடத்தும் எறும்பு, மறுநாள் அக்கரையில் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போகவேண்டிய நத்தை.

மீன் நிற்கும் இடத்தைக் காட்டிக் காட்டி நத்தை கொக்கிடம் ஐம்பது பாயிண்ட் சேர்த்திருந்தது. அதைப் பறப்பதற்கும் கொடுக்கலாம், புற்றில் தங்குவதற்கும் கொடுக்கலாம்.

“தங்குறதுக்கே போடுங்கக்கா. ஐம்பதுக்கு மூணு ராத்திரி, ஈரமான அறை,” என்றது எறும்பு.

“அக்கரைக்கு எப்படி வர்றது?”

“கரையோரமா மெதுவா ஊர்ந்து வாங்க.”

“ஊர்ந்து வந்தா, அந்தப் பொண்ணோட வளைகாப்புக்குத்தான் இவங்க வந்து சேருவாங்க,” என்று கொக்கு சிரித்தது.

நத்தை தயங்கவில்லை. “வீடு என் முதுகுலயே இருக்கு. அறை எதுக்கு? பறக்கவே போடுங்கண்ணே.”

“பறக்க நாற்பது. ஓடு சுமையில சேரும், அதுக்குப் பத்து.”

ஐம்பதும் போனது. நத்தை கொக்கின் முதுகில் ஏறி ஒட்டிக்கொண்டது. ஊர் திரும்ப எறும்பும் ஏறியது. கொக்கு மேலே எழும்பியதும் அடித்த காற்றில் எறும்பின் கால்கள் நழுவின.

“அக்கா, ஓட்டுக்குள்ள கொஞ்சம் இடம் கொடுங்க!”

“ஒரே அறைதான். பத்து பாயிண்ட்.”

“தெரிஞ்சவங்ககிட்டயே இப்படியா? அஞ்சு!”

“எட்டு. ஆறு காலையும் துடைச்சிட்டு வா.”

எறும்பு விடுதி வரவிலிருந்து எட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடியது.

பெண்ணுக்கு நலங்கு வைக்கும் நேரத்துக்கு நத்தை பந்தலில் போய் இறங்கியது. கையில் எறும்பு கொடுத்த எட்டு பாயிண்ட்.