ஆவாரம்பட்டைப் பாதம்

திருப்பதிக்கு நடந்து போகிறவர்களில் தம் பாதத்துக்கு ஈடான பாதம் இந்தப் பூமியிலேயே கிடையாது என்பது தோல் பதனிடும் ஆம்பூர் சஞ்சீவியின் தீர்மானம்.

“ஆவாரம்பட்டைத் தொட்டியில தோலை மிதிச்சு மிதிச்சு, தோலோட இதுவும் பதமாயிடுச்சு. சீமைத் துரை பூட்ஸுகூட இதுகிட்ட நிக்காது!”

யாரும் கேட்கவில்லை. குடியாத்தம் தாண்டியதிலிருந்து மைத்துனன் முனிரத்தினம் காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டுகிறான். கூட்டமெல்லாம் அவனைச் சுற்றித்தான்.

“அவுக்காதக்கா, கொப்புளம் உடைஞ்சிடும்,” என்றான்.

சஞ்சீவியின் மனைவி பட்டம்மாள் துணிக்கு மேலேயே விளக்கெண்ணெய் விட்டுத் தடவினாள். முதல் சொம்பு மோரும் தம்பிக்கே போயிற்று.

“பெருமாளுக்காக எவ்ளோ கஷ்டப்படறான், பாருங்க!”

“அப்போ நானு?”

“உங்களுக்கு இன்னா? கல்லாட்டம் இருக்கீங்க.”

“நொண்டி நாடகம்!” என்று காறித் துப்பினார் சஞ்சீவி.

சித்தூருக்கு முன்னால் புளியமரத்தின் பின்னே ஒதுங்கியவர், காலில் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு நொண்டியபடி வந்தார்.

“ஐயோ, உங்களுக்குமா!” பட்டம்மாள் மோரெடுக்க ஓடினாள்.

முனிரத்தினம் அருகில் வந்து கிசுகிசுத்தான்.

“மாமா, துணி இடது கால்ல இருக்குது. நீங்க நொண்டறது வலது காலு. காலையில நானும் இப்படித்தான் மாட்டிக்கப் பாத்தேன்.”

சஞ்சீவி சத்தமில்லாமல் காலை மாற்றிக்கொண்டார்.