நாற்பத்தொரு ஆத்ம சகோதரர்கள்

வைகுண்டராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே மஞ்சள் பையைத் தபாலாபீஸ் மேஜையில் கவிழ்த்தார். நாற்பத்தொரு கவர்கள் சரிந்து விழுந்தன.

"என்ன அண்ணாச்சி, வீட்டுல விசேஷமா? பத்திரிகையா?" என்றார் போஸ்ட் மாஸ்டர் பொன்னுராஜ்.

"விசேஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சங்கத்த விட்டு வெலகுறேன். ஆளுக்கொரு காயிதம், போயிட்டு வாரேன்னு எழுதியிருக்கேன்."

முத்திரைக் கட்டையை எடுக்கப்போன பொன்னுராஜின் கை அப்படியே நின்றுவிட்டது.

கெங்குவார்பட்டியைத் தாண்டி மூன்று மைலில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், பொன்னுராஜ் வீட்டு முன்னறைதான் தபாலாபீஸ். எழுபத்தாறாம் வருஷம் அதன் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் உரக்கடை வைகுண்டராஜ் 'அஞ்சல்வழி ஆத்ம சங்க'த்தில் சேர்ந்தார். இதோ இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

சங்கத்துக்கு மடம் கிடையாது, பஜனை கிடையாது. உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் கிடையாது. ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, தினம் ஒரு சகோதரருக்காவது மனசைத் திறந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். கார்டில் எழுதினால் கால் புண்ணியம், இன்லண்டில் எழுதினால் அரைப் புண்ணியம், கவரில் எழுதினால்தான் முழுசு. ஞாயிற்றுக்கிழமையும் ஆகஸ்ட் பதினைந்தும் காந்தி ஜெயந்தியும் மௌன விரதம்.

வைகுண்டராஜ் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. தினம் பத்துக் கவர் எழுதினார். யூரியா வாங்க வந்தவர்கள், அவர் தலை நிமிரும் வரை நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். மனைவி ஞானபாக்கியம் போட்டுவைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது.

போன மாதம் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெயமங்கலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"முன்னப்பின்ன பாக்காதவுகளுக்கெல்லாம் 'அன்பே உருவான சகோதரா'ன்னு எழுதுறீக. இருபத்தாறு வருசத்துல என்னய ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்புட்டிருக்கீகளா? சங்கத்த விட்டுட்டு வந்து கூப்புடுங்க, வாரேன். இல்லாட்டி நா இல்லைன்னு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மூன்று வாரம் தானே கஞ்சி காய்ச்சிக் குடித்த பிறகு வைகுண்டராஜுக்குப் புத்தி வந்தது.

"பதினோரு மணி பஸ்ஸுல ஜெயமங்கலம் போறேன் பொன்னுராஜு. நீ முத்திரை குத்திட்டேன்னா, அவ முன்னால தைரியமாப் போயி நிப்பேன்."

பொன்னுராஜ் கவர்களை அவர் பக்கமே தள்ளினார். "அவசரப்படாதீக அண்ணாச்சி. தபால் கொறஞ்சா சின்ன ஊரு ஆபீஸையெல்லாம் மூடிருவோம்னு மேல இருந்து தாக்கீது வந்திருக்கு. அடுத்த வாரம் எண்ணிப் பாக்க ஆள் வருது. நீங்களும் நிப்பாட்டிட்டா எம்பொழப்பு என்னாகுறது?"

"அதுக்காக எம்பொண்டாட்டிய விட்டுற முடியுமா?"

நியாயமான கேள்விதான். பொன்னுராஜ் வேறு பக்கமாக வந்தார்.

"ஒங்களுக்கு டைபாயிடு வந்தப்ப அம்புட்டுப் பேரும் எழுதுனாகளே, மறந்துட்டீகளா?"

எப்படி மறப்பார்? உள்ளூரில் இருக்கும் சொந்தத் தம்பி எட்டிப் பார்க்கவில்லை. முகம் தெரியாத நாற்பத்தொரு பேரும் ஒரே வாரத்தில் எழுதினார்கள், அதிலும் சாந்திதாசன் என்கிற சகோதரர் மூன்று கடிதம். அந்தக் கட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அவர் காய்ச்சலில் கிடந்தார்.

"அப்பேர்ப்பட்டவுக மனசு இத வாசிச்சா என்ன பாடுபடும்?" என்றார் பொன்னுராஜ்.

மருந்து வேலை செய்தது. தேவைக்கு மேலேயே செய்தது. வைகுண்டராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு கவர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி பைக்குள் போட்டார்.

"நீ சொல்றதுதான் சரி. அவளுக்கு அண்ணன் இருக்காக, அண்ணன் பிள்ளைக இருக்கு. இந்த நாப்பத்தொரு ஆத்மாவுக்கும் என்னய விட்டா யாரு இருக்கா? அவ அங்கனயே இருந்துக்கிறட்டும்."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னொரு அம்பது கவர் குடு."

பொன்னுராஜ் டிராயரைத் திறந்து ஐம்பது கவர்களை எண்ணி எடுத்தார். ஆபீஸ் தப்பித்துவிட்டது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "கஞ்சி ஆறுது. வந்து குடிச்சிட்டுப் போயி உக்காருங்க."

பொன்னுராஜ் கையிலிருந்த கவர்களைப் பார்த்தார். எதிரே வேட்டியில் கஞ்சிக் கறையோடு உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். கவர்களை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"ஏய், பஸ்ஸ நிப்பாட்டுங்கப்பா, ஆளு வருது!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். வைகுண்டராஜின் மடியிலிருந்த மஞ்சள் பையைப் பிடுங்கி மேஜையில் கொட்டி, முத்திரை குத்த ஆரம்பித்தார்.

"ஏலே, என்ன செய்யிற? அம்புட்டுச் சகோதரர்களும் தாங்குவாகளா?"

பொன்னுராஜ் நிமிராமல் சொன்னார்:

"சங்கத்துல ஒங்களத் தவிர எல்லாரும் போஸ்ட் மாஸ்டர்தான், அண்ணாச்சி."