கூடாரம் பிரித்த விருந்தாளிகள்

கோட்டை மதில்களையும் பழைய தெருக்களையும் பார்த்துச் சலித்த யூலான், நாடோடி வாழ்க்கையை ருசிபார்க்கக் கணவர் போயுவானோடு மங்கோலியப் புல்வெளிக்கு வந்தாள்.

கூடார வாசலில் நின்ற தோர்லிக், "நல்ல நாள்லதான் வந்திருக்கீங்க தங்கச்சி. இன்னிக்கு இடம் மாத்துறோம். ரெண்டு பேரும் கை குடுங்க" என்றார்.

கம்பளி உறையை உருவி, கம்புகளைக் கழற்றி, சாமான்களை லாரியில் ஏற்றி முடிப்பதற்குள் போயுவானுக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

"வீட்ல ஒரு நாற்காலியை நகர்த்த மாட்டீங்க" என்று சிரித்தாள் யூலான்.

மாலையில் ஆட்டு மந்தையோடு வந்த ஒரு குடும்பம், கூடாரம் இருந்த வெறுந்தரையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"இவங்க யாருண்ணே?" என்று தோர்லிக்கிடம் கேட்டாள் யூலான்.

"கூடாரத்துக்குச் சொந்தக்காரங்க. உங்களுக்குத் தங்க இடம் குடுக்கறதா இருந்தவங்களும் இவங்கதான். என் மேய்ச்சல் நிலத்தைக் காலி பண்ணச் சொன்னா, பிரிக்க ஆளில்லைன்னு ரெண்டு வருஷமா சாக்கு சொல்லிட்டிருந்தாங்க."